வேதத்தில் முரண் இருக்கிறதா? திருப்பூர்த் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி,

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பக்கத்து மேசை அண்ணன் பகுத்தறிவுக் கருத்துள்ளவர். நம் வேதாகமத்திலிருந்தே ஒன்பது இடங்களைக் குறித்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்: யூதாஸின் சாவு, அகசியாவின் வயது, தாவீது எடுத்த ஜனத்தொகைக் கணக்கு, பவுலோடு போனவர்கள் கேட்ட சத்தம், கல்லறைக்குப் போன பெண்கள், நீதிமொழிகள் 26, இயேசுவின் வம்ச வரலாறு, சீஷர்கள் எடுத்துப்போக வேண்டிய தடி, சிலுவையில் அறைந்த நேரம். சபையில் ஒரு பெரியவரிடம் கேட்டீர்கள். "சந்தேகத்தைக் கொண்டுவருவது பிசாசு, ஜெபம் பண்ணு" என்று முடித்துவிட்டார். "முரண் இருக்கிறதா இல்லையா, நேராகச் சொல்லுங்கள் ஐயா" என்கிறீர்கள்.

இருக்கிறது. ஆனால் ஒன்பதும் ஒரே ஜாதி அல்ல. சில, ஏடு பார்த்துப் படி எடுத்தவர் கை தவறியது. சில, முரண் போலத் தெரிந்து, ஊன்றிப் படித்தால் கரைந்துபோவது. சில, பிந்தி எழுதியவர் தெரிந்தே மாற்றியது. இரண்டு மூன்று இடங்களில் இரண்டு பேர் உள்ளபடியே வேறு வேறாகத்தான் சொல்கிறார்கள். எல்லாச் சுவருக்கும் ஒரே பூச்சைப் பூசிக்கொண்டு போவதால்தான் நம் ஆட்கள் பேச்சு எடுபடுவதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஈரோட்டில். லண்டன் மிஷன் பிரப் ஐயர் பேரில் ஆலயமும் ரோடும் இருக்கிற ஊர். 1925இல் பெரியார் 'குடி அரசு' தொடங்கியதும் இதே ஊரில்தான். டீக்கடையில் வேதம் பேசாமல் இங்கே வளர முடியாது. நான் தமிழாசிரியர் பயிற்சி முடித்த வருஷம், ஒரு கறுப்புச் சட்டைப் பெரியவர் யூதாஸைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பதில் கைவசம் இருந்தது. மத்தேயு 27:5இல் நான்றுகொண்டு செத்தான். அப்போஸ்தலர் 1:18இல் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான். ஆகவே முதலில் தொங்கினான், பிறகு கயிறு அறுந்து விழுந்தான் என்று ஒப்பித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "சரிங்க தம்பி, கயிறு அறுந்துச்சுன்னே வெச்சுக்குவோம். அந்த நெலத்தெ வாங்குனது ஆருங்க?"

வீட்டுக்கு வந்து இரண்டையும் எடுத்துவைத்துப் படித்தேன். மத்தேயுவில் யூதாஸ் மனஸ்தாபப்பட்டு 30 வெள்ளிக்காசையும் தேவாலயத்தில் எறிந்துவிடுகிறான். பிரதான ஆசாரியர்கள்தான் அந்தக் காசில் குயவன் நிலத்தை வாங்குகிறார்கள். இரத்தக்கிரயத்தால் வாங்கியதால் இரத்தநிலம் என்று பேர். அப்போஸ்தலரில் யூதாஸே அநீதத்தின் கூலியால் நிலத்தைச் சம்பாதிக்கிறான், அவன் அங்கே விழுந்து செத்ததை ஒட்டி இரத்தநிலம். கயிறு அறுந்த கதை சாவை மட்டும்தான் ஒட்டவைக்கிறது. வாங்கியவர் யார், பேர் வந்த காரணம் என்ன என்ற இரண்டு கேள்வியும் அப்படியே நிற்கின்றன. அந்தப் பெரியவர் நம் வேதத்தை என்னைவிடக் கவனமாகப் படித்திருந்தார். அந்த வெட்கம் எனக்கு நல்லது செய்தது.

இந்த ஒட்டுவேலை இன்று நேற்று வந்ததல்ல. மேற்கத்திய சபை நூற்றாண்டுகளாக ஓதிவந்த வுல்காத்தா என்ற லத்தீன் பெயர்ப்பிலேயே, கிரேக்கம் 'தலைகீழாக' என்று சொல்கிற இடத்தில் 'தொங்கி' என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டுப் பப்பியா என்பவர் மூன்றாவது கதை ஒன்று சொல்கிறார்: யூதாஸ் உடம்பு ஊதி, வண்டி போகிற சந்தில்கூட நுழைய முடியாமல் போனான் என்று. ஆக, ஆதிச் சபையில் அவன் முடிவைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட பேச்சு இருந்திருக்கிறது. காட்டிக்கொடுத்த காசு, எருசலேமில் ஒரு நிலம், இரத்தம் என்ற பேர், கெட்ட சாவு. இந்த நான்கிலும் மத்தேயுவும், அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்காவும் ஒத்துப்போகிறார்கள். மற்றதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. தாவீதுக்குத் துரோகம் செய்த அகித்தோப்பேல் நான்றுகொண்டு செத்ததை 2 சாமுவேல் 17:23 சொல்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்கப் பெயர்ப்பு அங்கே போட்ட அதே வினைச்சொல்லை மத்தேயு யூதாஸுக்குப் போடுகிறார். தாவீதின் குமாரனைக் காட்டிக்கொடுத்தவனுக்குத் தாவீதைக் காட்டிக்கொடுத்தவன் சாவு. இதைப் பார்க்கவிடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் என்ன லாபம் தம்பி?

நான் தமிழ் வாத்தியார், அதனால் இதை யோசிக்க எனக்குக் கைகொடுத்தது எங்கள் பக்கத்து ஆள் ஒருவர். பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் பவணந்தி முனிவரின் ஊர் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். சமண முனிவர்; சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்க நன்னூல் என்ற இலக்கணம் எழுதியவர். நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களை அவர் எண்ணும்போது 'மாறுகொளக் கூறல்' என்பதை நான்காவதாக வைக்கிறார். முன்னே சொன்னதற்கு மாறாகப் பின்னே சொல்வது. உங்கள் அண்ணன் வைக்கிற குற்றச்சாட்டுக்குத் தமிழில் 800 வருஷமாகப் பேர் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஆனால் இந்தக் குற்றம் ஒரு நூலுக்கு உரியது. வேதாகமம் ஒரு நூலா? நம் கையில் ஒரே அட்டைக்குள் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. நம் சபையில் 66, கத்தோலிக்கர் கையில் 73. பல நூற்றாண்டுகளில், மூன்று மொழிகளில், பல பேர் எழுதியவை. இரண்டு நூல்கள் மாறுபடும்போது பவணந்தியிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. முதல் நூல், வழிநூல், சார்புநூல். வழிநூலுக்கு அவர் சொல்லும் இலக்கணத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்." முன்னவர் முடிவோடு ஒத்துப் போகவேண்டும், ஆனால் பின்னவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டைச் சொல்லலாம். அது குற்றமல்ல, இலக்கணம்.

இதை வைத்துக்கொண்டு தாவீது ஜனத்தைத் தொகையிட்ட கதையைப் பாருங்கள். 2 சாமுவேல் 24இல் கர்த்தருடைய கோபம் இஸ்ரவேலின்மேல் மூண்டு, அவரே தாவீதை ஏவுகிறார். 1 நாளாகமம் 21இல் சாத்தான் எழும்பித் தாவீதை ஏவுகிறான். சாமுவேலில் இஸ்ரவேல் 8 லட்சம், யூதா 5 லட்சம். நாளாகமத்தில் 11 லட்சம், 4 லட்சத்து 70 ஆயிரம். பிறகு பலிபீடம் கட்டப் போரடிக்கிற களம் ஒன்றை வாங்குகிறான்; அதற்குக் கொடுத்த விலை சாமுவேலில் 50 சேக்கல் வெள்ளி, நாளாகமத்தில் 600 சேக்கல் பொன். 'ஏவினது கடவுளா பிசாசா' என்று உங்கள் அண்ணன் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்.

நாளாகமம், சாமுவேல் இராஜாக்கள் புத்தகங்களுக்கு வழிநூல். பாபிலோன் சிறையிருப்பு முடிந்து, பெர்சிய ராஜாக்கள் காலத்தில், இடிந்த ஆலயத்தைத் திரும்பக் கட்டின ஜனத்துக்கு எழுதியது. பழைய இஸ்ரவேலர் நன்மை தீமை எல்லாவற்றையும் நேரே கர்த்தர் தலையில் வைத்துப் பேசினார்கள். "ஊரில் தீங்கு உண்டானால் கர்த்தர் செய்யாமல் உண்டாகுமா" என்ற பேச்சை ஆமோஸில் பார்க்கலாம். சிறையிருப்புக்குப் பிறகு அந்தப் பேச்சு அவர்களுக்கே பாரமாயிற்று. கடவுள் தாமே ஏவிவிட்டுத் தாமே தண்டிப்பாரா? யோபுவிலும் சகரியாவிலும் குற்றஞ்சாட்டுகிறவனாகச் சாத்தான் வருகிறான். நாளாகமக்காரர் அந்த வெளிச்சத்தில் பழைய கதையைத் திரும்பச் சொல்கிறார். விலை ஏன் கூடியது? சாமுவேலில் அது அர்வனாவின் போரடிக்கிற களம். நாளாகமத்தில் சாலொமோன் ஆலயம் எழும்பப்போகிற இடம். களத்துமேட்டுக்கு ஒரு விலை, கோயில் நிலத்துக்கு ஒரு விலை. வெள்ளி, மாட்டுக்கும் களத்துக்கும். பொன், மலை முழுவதற்கும் என்று கணக்குப் பார்த்து ஒட்டவைப்பவர்கள் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. முடிவு இரண்டிலும் ஒன்றுதான்: ராஜா பாவம் செய்தான், கொள்ளைநோய் வந்தது, பலிபீடம் கட்டினான், கர்த்தர் இரங்கினார். முடிபு ஒத்திருக்கிறது, விகற்பம் பின்னோன் வேண்டியது.

யூதாவின் ராஜா அகசியாவின் வயது வேறு கதை. இங்கே விகற்பம் ஒன்றும் இல்லை, வெறும் பிழை. 2 இராஜாக்கள் 8:26இல் ராஜாவாகும்போது அவனுக்கு 22 வயது. 2 நாளாகமம் 22:2இல் 42. இதைத் தீர்க்க நாளாகமமே போதும். அவன் தகப்பன் யோராம் 32 வயதில் பட்டத்துக்கு வந்து 8 வருஷம் ஆண்டு செத்தான் என்று முந்தின அதிகாரம் சொல்கிறது. 40 வயதில் செத்தவனுக்கு 42 வயதில் கடைசிப் பிள்ளை இருக்க முடியாது. நம் ஊரில் பத்திரம் பார்க்கிறவர்கள் சொல்வார்கள், அளவும் நான்கு எல்லையும் ஒத்துவராவிட்டால் எல்லையைப் பிடி, அளவு எழுதினவன் கை தவறியிருக்கும் என்று. இங்கே தகப்பனின் வயதுதான் எல்லை. சீரிய மொழிப் பெயர்ப்பிலும் சில கிரேக்கப் படிகளிலும் 22 என்றே இருக்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போகிற பழைய திருப்புதல் தமிழ் வேதாகமம், பவர் ஐயர் தலைமையில் திருத்தி 1871இல் வந்தது, எபிரெயத்தில் இருந்த 42ஐ அப்படியே வைத்துக்கொண்டது. திருத்தாமல் விட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் யாராவது இந்த 42க்கு ஒரு ஆழ்ந்த ஆவிக்குரிய அர்த்தம் சொல்ல வந்தால் எழுந்து போய்விடுங்கள்.

பவுலோடு போனவர்கள் சங்கதி கொஞ்சம் நுணுக்கமானது. அப்போஸ்தலர் 9:7இல் சத்தத்தைக் கேட்டார்கள், ஒருவரையும் காணவில்லை. 22:9இல் வெளிச்சத்தைக் கண்டார்கள், சத்தத்தையோ கேட்கவில்லை. இரண்டையும் எழுதினவர் லூக்கா ஒருவரே, ஒரே புத்தகத்தில். பவணந்தி சொன்ன குற்றம் எங்காவது பொருந்துமானால் இங்கேதான் பொருந்தவேண்டும். வழக்கமாகச் சொல்லும் பதில்: கிரேக்கத்தில் 'கேள்' என்ற வினைக்குப் பின் வேற்றுமை மாறுகிறது, ஒன்று ஒலி காதில் விழுந்தது, மற்றது சொல் விளங்கவில்லை என்று. தமிழிலும் 'நான் சொன்னது கேக்குதா' என்பது ஒன்று, 'சொன்னாக் கேக்க மாட்டீங்கறான்' என்பது வேறு. எனவே பதில் மனசுக்குப் பிடிக்கிறது. ஆனால் லூக்கா அந்த வேற்றுமை விதியை எப்போதும் காப்பதில்லை. சவுல் கேட்ட அதே சத்தத்துக்கு 9:4இல் ஒரு வேற்றுமை, 22:7இல் மற்றது போடுகிறார். அதனால் இலக்கணத்தை வைத்து அடித்துப் பேசாதீர்கள். முதலாவது கதாசிரியர் சொல்வது, இரண்டாவது எருசலேமில் ஜனக்கூட்டத்துக்கு முன் பவுல் பேசுவதாக வருவது. 'என்னோடு பேசியதை அவர்கள் கேட்கவில்லை' என்பது அந்தப் பேச்சின் வேகத்துக்குப் பொருந்துகிறது. அந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

கல்லறைக்குப் போன பெண்கள் விஷயம் எனக்கு மிகவும் பிரியமானது. மத்தேயுவில் இரண்டு மரியாள்கள். மாற்குவில் சலோமேயும் சேர்த்து மூன்று பேர். லூக்காவில் யோவன்னாளும் வேறு சிலரும். யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். ஒருத்தியா பலரா? யோவான் 20:2ஐத் தமிழில் மெதுவாகப் படியுங்கள். தனியாக ஓடிவந்தவள் பேதுருவிடம் என்ன சொல்கிறாள்? "அவரை வைத்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை." எனக்கு என்று சொல்லவில்லை. கிரேக்கத்திலும் பன்மைதான். ஆனால் கிரேக்கத்துக்கு இல்லாத வசதி ஒன்று தமிழுக்கு உண்டு: 'நமக்கு' என்றால் கேட்கிறவனும் உள்ளே, 'எங்களுக்கு' என்றால் அவன் வெளியே. மொழிபெயர்த்தவர் 'எங்களுக்கு' என்று போட்டதில் பேதுருவும் யோவானும் வெளியே நிற்கிறார்கள், கூடப்போன பெண்கள் உள்ளே நிற்கிறார்கள். யோவான் ஒருத்தியை மட்டும் காட்டுகிறார், மற்றவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. 13ஆம் வசனத்தில் தூதரிடம் தனியாக அழும்போது "எனக்குத் தெரியவில்லை" என்கிறாள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இதற்காக உயிர்த்தெழுதல் நிகழ்ச்சிகள் எல்லாம் அழகாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். மாற்குவும் மத்தேயுவும் சீஷர்களைக் கலிலேயாவுக்கு அனுப்புகிறார்கள். லூக்கா எருசலேமை விட்டு நகராதே என்கிறார். அதை ஒட்டவைக்கும் வழி எனக்கு இன்றுவரை திருப்தியாக அமையவில்லை. சுவிசேஷங்களுக்கு முந்தியே பவுல் 1 கொரிந்தியர் 15இல் உயிர்த்தவரைக் கண்டவர்கள் வரிசையைக் கொடுத்துவிட்டார். கேபா என்ற பேதுருவுக்கு, பன்னிருவருக்கு, ஐந்நூற்றுக்கு அதிகமான சகோதரருக்கு, யாக்கோபுக்கு. இடத்தைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. யாருக்குத் தரிசனமானார் என்பதை முதலிலிருந்தே கெட்டியாகப் பிடித்தார்கள், எங்கே எப்போது என்பதில் நினைவு பிரிந்திருக்கிறது.

நீதிமொழிகளை உங்கள் அண்ணன் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொல்லுங்கள். "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே" என்று 26:4. "கொடு" என்று 26:5. அடுத்தடுத்த வரியில் வைத்தவனுக்குக் கண் தெரியாமலா இருந்திருக்கும்? 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்றும் சொல்கிறோம், 'பதறாத காரியம் சிதறாது' என்றும் சொல்கிறோம். எதை எப்போது எடுப்பது என்று அறிவதுதான் புத்தி. யூத ரபீக்களே இந்த முரணை வைத்து அந்தப் புத்தகத்தை ஒதுக்கலாமா என்று பேசி, ஒன்று வேத விஷயத்துக்கு, மற்றது உலக விஷயத்துக்கு என்று சமாதானமானதைத் தல்மூது பதிவு செய்திருக்கிறது. தடி சமாச்சாரமும் சின்னது: மாற்குவில் தடி மாத்திரம் எடுக்கலாம், மத்தேயுவிலும் லூக்காவிலும் அதுவும் வேண்டாம். ஒன்றும் இல்லாமல் போ என்பது மூவருக்கும் பொது; பின்னவர்கள் இருவரும் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

வம்ச வரலாற்றில் யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. லூக்கா தருவது மரியாளின் வரிசை என்று நம் பக்கத்துக் கன்வென்ஷன்களில் அடிக்கடி சொல்வார்கள். லூக்காவின் எழுத்தில் அப்படி இல்லை, அங்கேயும் யோசேப்புதான். மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியு ஆப்பிரிக்கானு என்பவர், பிள்ளையில்லாமல் செத்தவன் மனைவியைச் சகோதரன் மணக்கும் யூத வழக்கத்தை வைத்து இரண்டு தகப்பன்மாரையும் விளக்கிப் பார்த்தார். முடியாத காரியம் அல்ல. ஆனால் மத்தேயு என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்: மூன்று பதினான்கு தலைமுறை என்று அடுக்குகிறார், அந்த அடுக்குக்காக யோராமுக்குப் பின் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்களைத் தாண்டிவிடுகிறார். எபிரெயத்தில் தாவீது என்ற பேரின் எழுத்துகளைக் கூட்டினால் 14 வரும். இவர் தாவீதின் குமாரன் என்று ஒவ்வொரு அடுக்கிலும் முரசு கொட்டுகிறார். லூக்காவோ ஆதாமுக்கும் அப்பால் தேவன்வரை கொண்டுபோகிறார், எல்லா ஜாதிக்கும் இவர் சொந்தம் என்று. குலதெய்வக் கோயிலில் கூட்டத்து வரலாறு சொல்பவர் நடுவில் உள்ள பாட்டன்மாரை விட்டுவிட்டுக் காணி வாங்கின பெரியவர் பேருக்குத் தாவுவதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? பிறப்புச் சான்றிதழாக இரண்டையும் படித்தால் மோதும். ஒவ்வொன்றும் யார் என்று அறிவிக்கிறது என்று படித்தால் இரண்டும் பேசும்.

கடைசியாகச் சிலுவை நேரம். இதைத்தான் நான் மிகவும் கனமான இடமாக நினைக்கிறேன். உங்கள் அண்ணன் பட்டியலில் அடியில் போட்டிருக்கிறார், நியாயமாக அது முதலில் வரவேண்டும்.

மாற்கு 15:25 மூன்றாம் மணி வேளையில் சிலுவையில் அறைந்தார்கள் என்கிறது. நம் கணக்கில் காலை 9. யோவான் 19:14 ஏறக்குறைய ஆறாம் மணிக்கு, அதாவது உச்சிப்பொழுதில், பிலாத்து இன்னும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான் என்கிறது. யோவான் ரோமர் முறையில் நடுராத்திரியிலிருந்து எண்ணினார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ரோமரும் பகல் மணிகளைச் சூரிய உதயத்திலிருந்துதான் எண்ணினார்கள். யோவான் 4இல் சமாரிய ஸ்திரீ கிணற்றுக்கு வந்ததும் ஆறாம் மணி வேளைதான், இயேசு பிரயாணத்தால் இளைப்படைந்து உட்கார்ந்த நேரம்.

மணியைவிட நாள் பெரிய கேள்வி. மாற்கு 14:12இல் பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு ஆடு அடிக்கிற நாளில் சீஷர் ஆயத்தம் பண்ணி, இரவு இயேசு அவர்களோடு பஸ்கா புசிக்கிறார், மறுநாள் சிலுவை. யோவான் 18:28இல் யூதர்கள் பிலாத்துவின் அரண்மனைக்குள் போகவில்லை, தீட்டுப்பட்டால் பஸ்காவைப் புசிக்க முடியாது என்று. அப்படியானால் இன்னும் புசிக்கவில்லை. யோவான் கணக்கில் இயேசு சாவது பஸ்காவுக்கு ஆயத்த நாளில், ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படுகிற பிற்பகலில். ஒரு நாள் வித்தியாசம். இரண்டு பஞ்சாங்கம் இருந்திருக்கலாம், இயேசு ஒன்றையும் ஆசாரியர் மற்றதையும் பின்பற்றியிருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பஞ்சாங்கத்தில் நோன்பு முன்பின்னாக வருவது நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மாற்குவோ யோவானோ அப்படி ஒரு குறிப்பும் விடவில்லை.

யோவான் என்ன சொல்ல வருகிறார்? முதல் அதிகாரத்திலேயே ஸ்நானன் விரல் நீட்டி, இதோ உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி என்கிறான். 19ஆம் அதிகாரத்தில் மற்ற இருவர் கால்களை முறித்தவர்கள் இயேசுவின் காலை முறிக்கவில்லை. அவருடைய எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படுவதில்லை என்ற வேதவாக்கியம் நிறைவேறிற்று. பஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்காதே என்பது யாத்திராகமம் 12:46. அவர் அந்தக் கதை முழுவதையும் ஆட்டுக்குட்டி அடிக்கப்படுகிற மணியை நோக்கியே நடத்திக்கொண்டு வருகிறார். மாற்குவில் இயேசு பஸ்கா பந்தியில் அப்பத்தைப் பிட்டு, இது என் சரீரம் என்கிறார். அந்தப் பந்தியிலிருந்துதான் நம் திருவிருந்து. ஒருவர் பந்தியில் பஸ்காவை வைக்கிறார், ஒருவர் சிலுவையில் வைக்கிறார். "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து நமக்காகப் பலியிடப்பட்டிருக்கிறாரே" என்று பவுல் இவர்கள் இருவருக்கும் முந்தியே எழுதிவிட்டார். அந்த அறிக்கை முதல். நாள் கணக்கு அதைத் தாங்க வந்தது.

எந்த நாள் சரி என்று கேட்டால், பண்டிகை நாளன்று ஆசாரியர் விசாரணை கூட்டியிருப்பார்களா என்ற ஐயத்தால் என் மனம் யோவான் பக்கம் சாய்கிறது. நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு' என்று பவணந்தி ஒன்று சொல்கிறார். இரண்டு பேர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணியலாம். துணிந்திருக்கிறேன். மாற்குவை இதனால் கிழித்துப் போடவில்லை.

உங்கள் அண்ணன் இதைக் கண்டுபிடித்ததாக நினைத்தால் அது சரியில்லை. இரண்டாம் நூற்றாண்டில் செல்சு என்ற கிரேக்கர் நம்மை இதைவிடக் கடுமையாகக் கேட்டார். ஏறக்குறைய 170இல் தாத்தியான் என்ற சீரியக் கிறிஸ்தவர் நான்கு சுவிசேஷங்களையும் வெட்டி ஒட்டி, முரண் இல்லாத ஒரே கதையாகத் தந்தார். தியாத்தெசரோன் என்று பேர். சீரியச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் வாசித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தெயதோரேத்து என்ற பேராயர் தம் பகுதியில் மட்டும் 200க்கு மேற்பட்ட படிகளைச் சேகரித்து எடுத்துவிட்டு, நான்கு சுவிசேஷங்களைத் திரும்ப வைத்தார். யோசித்துப் பாருங்கள் தம்பி. முரண்களை அழித்த புத்தகம் சபையின் கையில் இருந்தது. வழவழப்பாக இருந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டு, இடிக்கிற நான்கையும் வைத்துக்கொண்டார்கள். ஏமாற்ற நினைத்தவர்கள் செய்கிற வேலையா இது? லூக்காவின் முதல் நான்கு வசனங்களைப் பாருங்கள், அப்படியே ஒரு நூலின் பாயிரம். எனக்கு முன் அநேகர் எழுதினார்கள், கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்தார்கள், நானும் ஆதிமுதல் விசாரித்து ஒழுங்காய் எழுதுகிறேன் என்கிறார். வழியும் கேட்போரும் பயனும் அதில் இருக்கின்றன. வானத்திலிருந்து எழுதி இறங்கியது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. விசாரித்தேன் என்கிறார். அவர் சொல்லாததை அவர் சார்பில் நாம் ஏன் பந்தயம் கட்ட வேண்டும்?

ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் அகசியாவின் வயது இல்லை, யூதாஸின் கயிறு இல்லை, மணி இல்லை. பொந்தியு பிலாத்துவின் காலம் என்ற ஒன்று மட்டும் இருக்கிறது. அதில் நான்கு பேரும் ஒன்று.

சபைப் பெரியவர்மேல் கோபம் வேண்டாம். அவருக்கும் சிறு வயதில் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பேதுரு "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருக்கச் சொன்னார், கேட்கிறவன் வாயை அடைக்கச் சொல்லவில்லை.

பதில் பட்டியல் ஒன்றை இணையத்தில் தேடி எடுத்து அண்ணனுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் ஒன்பது அனுப்பினால் நீங்கள் தொண்ணூறு அனுப்பலாம், இருவரும் ஒரு அதிகாரம்கூடப் படித்திருக்க மாட்டீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். நிலத்தை வாங்கினது யார் என்று கேட்டால், மத்தேயு ஆசாரியர் என்கிறார், லூக்கா யூதாஸ் என்கிறார், எனக்குத் தெரியவில்லைங்கண்ணா என்று சொல்லுங்கள். அகசியாவில் அவர் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு மாற்கு 14ஐயும் யோவான் 18ஐயும் அவர் மொபைலில் ஒன்று, உங்கள் மொபைலில் ஒன்றாகத் திறந்து, ஆளுக்கு ஒன்றாக வாய்விட்டு வாசியுங்கள். எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று அவரே குறிக்கட்டும். விட்டுப்போனதை எனக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து இருவருமே ஈரோட்டுக்கு வாங்க, உட்கார்ந்து படிப்போம்.